சாதிப் பாகுபாடும் மாணவர் மனநலமும்

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில், பட்டியல் சாதிச் சிறுவர்களுக்குத் தின்பண்டம் விற்கக் கடைக்காரர் மறுத்தது காணொளியாக வெளிவந்தது. அவர் கைது செய்யப்பட்டார். கல்லூரிகளில் நிகழும் பாகுபாடோ பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. தெருப்பெயர் கேட்டுச் சாதியை அறிய முயல்தல், இடஒதுக்கீட்டைச் சுட்டி இகழ்தல், விடுதியில் ஒதுக்கி வைத்தல் ஆகியவை அதன் வடிவங்கள்.

தொடர்ந்து அவமதிக்கப்படுபவரின் உடலும் மனமும் ஓய்வின்றி எச்சரிக்கை நிலையிலேயே இருக்கும். அதனால் உறக்கமின்மை, தலைவலி, பசியின்மை, கவனச்சிதறல், மனச்சோர்வு ஆகியவை ஏற்படலாம். இவை சோம்பலோ கோழைத்தனமோ அல்ல.

பெற்றோர் செய்ய வேண்டியவை

திருவேங்கடம் போன்ற ஊர்களிலிருந்து வெளியூர் சென்று பயிலும் பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பத் தயங்கினால், "பொறுத்துக்கொள்" என்று கூறாமல், காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் தனியே விடாதீர்கள். உடனே 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள்.

சிகிச்சையுடன் காரணமும் களையப்பட வேண்டும். கல்லூரியின் சம வாய்ப்பு மையத்தில் எழுத்துமூலம் புகார் அளியுங்கள். வன்கொடுமை குறித்துத் தேசிய உதவி எண் 14566-இல் தெரிவிக்கலாம்.