குறியீடு 2, குறியீடு 10

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. என்றதும் நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி, மருந்து, பிரசவ கால சம்பளம்தான் ஞாபகம் வரும். வேலை போனாலும் அதில் பணம் உண்டு. 2018 ஜூலையில் வந்தது, ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’. வாயில் நுழையாத பெயர், அதனாலேயே பலருக்குத் தெரியவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். சராசரி தினக்கூலியில் கால் பங்கு என்று தொடங்கி, கொரோனா வந்த 2020-இல் பாதியாக்கினார்கள். ஆயுளுக்கும் சேர்த்து அதிகபட்சம் 90 நாள்.

இதற்கு மனுப் போடுவது நீங்கள்தான். ஆனால் அது தேறுமா என்பது கம்பெனி உங்களைப் பற்றி மாதாமாதம் எழுதி வைத்த கணக்கில் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் உங்களிடம் 0.75 சதவீதம் பிடித்து, கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கூடவே உங்கள் பெயருக்கு நேரே எத்தனை நாள் சம்பளம், மொத்தம் எவ்வளவு என்று ஏற்ற வேண்டும்.

முதலில் நாள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு அரையாண்டுகள். வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் குறைந்தது 78 நாள் இருக்க வேண்டும். அதற்கு முன் போன மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78. பீஸ் ரேட்காரருக்கு மாதம் 12 நாள் என்று காட்டினால் ஆறு மாதத்துக்கு 72தான். ஆறு நாளில் எல்லாம் போச்சு.

அடுத்தது தொகை. இரண்டு வருஷச் சம்பளத்தை 730-ஆல் வகுத்துத்தான் சராசரி எடுப்பார்கள். 15,000 வாங்குகிறவருக்கு 90 நாளுக்குச் சுமார் 22,000 வரும். கணக்கில் 9,000, மீதி கையில் ரொக்கம் என்றால் 13,000 சொச்சம்தான். மாதாமாதம் பிடித்தம் குறைகிறதே என்று சந்தோஷப்பட்டவர், வேலை போகும்போது அதற்கு விலை கொடுப்பார்.

கம்பெனி மாதாமாதம் ஏற்றும் அந்தக் கணக்கில் யாரும் கவனிக்காத கட்டம் ஒன்றும் உண்டு. ஒரு மாதம் உங்களுக்குப் பூஜ்யம் நாள் என்றால் காரணக் குறியீடு போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. ஆட்குறைப்புக்கோ ஆலை மூடலுக்கோ 2005-இல் வந்த ராஜீவ் காந்தி திட்டம் தனி. அதில் முதல் 12 மாதம் பாதிக்கூலி, அடுத்த 12 மாதம் கால்கூலி. 90 நாள் எங்கே, இரண்டு வருஷம் எங்கே! ஆளைக் குறைத்துவிட்டு 2 என்று தட்டினால் அந்த வாசல் அடைபடும். செட்டில்மெண்டுக்கு முன் ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று ஒரு தாளை நீட்டுவார்களே, அதில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால், சட்டப்படி அது நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம். கட்டினார்களா, எத்தனை நாள் போட்டார்கள் என்பதை உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வேலையில் இருக்கும்போதே பாருங்கள். அப்போதென்றால் அக்கவுண்ட்ஸில் போய்க் கேட்டுத் திருத்த வைக்கலாம். வேலை போன பிறகு கேட்டைத் தாண்டவே விடமாட்டார்கள்.