கைப்பக்குவம் – 9: நெய் பேச்சை நிறுத்தும் நேரம்

அம்மாயி நெய் காய்ச்சும்போது அடுப்பைப் பார்க்க மாட்டார். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊத்துக்குளி வெண்ணெய் என்று தமிழ்நாடு முழுக்கப் பெயர் வாங்கிய வட்டாரம் அது. வீட்டுக்கு இரண்டு எருமையாவது நின்ற காலம். பள்ளி விடுமுறைக்குப் போகும் எனக்கு அந்தச் சட்டியை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர மனசு வராது.

“இன்னும் எவ்வளவு நேரமுங்க அம்மாயி?”

“நேரம் பாத்தா நெய் காச்சறது? காதக் குடுத்துக் கேளு கண்ணு. இன்னும் பேசிட்டுத்தான் இருக்குது.”

சட்டிக்குள் சடசடவென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது மெல்லத் தேய்ந்து, விட்டு விட்டுக் கேட்டு, ஓய்ந்துபோகும். அப்போதுதான் அம்மாயி திரும்புவார். உருவிய கீரையில் ஒரு கொத்தைப் போட்டு, அது மொறுமொறுத்ததும் சட்டியை இறக்கிவிடுவார்.

போன வாரம் இட்லிப் பொடி பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: உளுந்தை எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும்? கேட்பதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் அடுப்பின் தீயும் வாணலியின் கனமும் எனக்குத் தெரியாது. நிமிடத்தை எழுதினால் பொய் சொன்னதாகிவிடும். அதற்குப் பதிலாக நம் மொழியில் பதம் என்றொரு சொல் இருக்கிறது. பொருள் தன் நிலை மாறியதை நிறமோ மணமோ ஓசையோ கொண்டு நமக்கு அறிவிக்கும் கட்டம் அது. இந்த வாரம் பாலை எடுத்துக்கொள்கிறேன். பன்னீர், வெண்ணெய், நெய் மூன்றையும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். மூன்றுமே பாலுக்குள் ஏற்கெனவே இருப்பவை. பிரித்தெடுப்பது மட்டும்தான் நம் வேலை. பிரியும் பதத்தைப் பாலே சொல்லிவிடும்.

இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது பன்னீர்.

நம் வீடுகளில் பால் திரிந்தால் மனசு சங்கடப்படும். முதன்முதலாக நான் பன்னீர் செய்தபோது, “நல்ல பால யாராச்சும் வேணும்னே கெடுப்பாங்களா?” என்று அத்தை உண்மையாகவே வருத்தப்பட்டார். திரிந்த பாலில் சர்க்கரை போட்டுக் கிளறித் திரட்டுப்பாலாக்கிப் பழக்கப்பட்ட கை அவருடையது. உப்பும் மிளகும் தூவி இரண்டு துண்டு கொடுத்த பிறகுதான் சமாதானம் ஆனார். இப்போது அந்த வீட்டில் பன்னீர் அவர் பொறுப்பு.

ஒரு லிட்டர் பால் எடுத்துக்கொள்ளுங்கள். உறையில் கொழுப்பு 6 சதவீதம் என்று அச்சிட்ட முழுக்கொழுப்புப் பாலாக இருக்கட்டும். 3 சதவீதப் பாலிலும் பன்னீர் வரும், கொஞ்சமாகவும் விறைப்பாகவும் வரும். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மிக மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் திப்பி திப்பியாக உடைந்து நீரோடு போய்விடும்.

பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக, ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அது மிதக்கிறது. பால் வெள்ளையாகத் தெரிவதற்கு அந்த உருண்டைகளும் ஒரு காரணம். புளிப்பு சேர்ந்ததும் மின்னூட்டம் அடங்கிவிடும். தள்ளிக்கொண்டிருந்தவை ஒட்டிக்கொள்ளும், போகிற போக்கில் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே கண்தான் பதம் பார்க்க வேண்டும். கட்டிகளைப் பார்க்காதீர்கள், அவற்றுக்கு நடுவே நிற்கும் நீரைப் பாருங்கள். நீர் இன்னும் பால் போலக் கலங்கியிருந்தால் அரைக் கரண்டி புளிப்பு தேவை. வெளிறிய பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் தெளிந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். அந்த நிறம் வந்தது பாலில் இயல்பாக உள்ள ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினால். வெள்ளை விலகிய பிறகுதான் அது வெளியே தெரிகிறது. இந்தக் கட்டத்துக்கு மேல் ஒரு சொட்டு புளிப்பு விட்டாலும் பன்னீர் புளிக்கும், ரப்பர் போலவும் ஆகும். துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, மூட்டையாகக் கட்டி, மேலே அம்மிக் குழவியோ தண்ணீர் நிறைந்த பாத்திரமோ வைத்து அரை மணி நேரம் விட்டால் போதும். 180 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் தண்ணீருக்குப் பதில் ஊற்றலாம்.

கடைப் பன்னீரில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்ததும் உண்டு, மாவுப்பொருள் கலந்ததும் உண்டு. ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறியதும் இரண்டு சொட்டு அயோடின் விட்டால், மாவு இருக்கும் பன்னீர் நீலமாகிவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி நீலமானது. அன்றிலிருந்து வாங்குவதில்லை.

வெண்ணெய்க்கு ஒரு வாரப் பொறுமை வேண்டும், உழைப்பு என்று பார்த்தால் பத்து நிமிடம்கூட இல்லை.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர் வீட்டுக் காட்சி வருகிறது. பறவைகள் எழும் விடியலில் ஒரு பெண் தயிர் கடைகிறாள். அவள் மத்தின் ஓசையைப் புலியின் குரலுக்கு ஒப்பிடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மோரை விற்றுத் தானியம் வாங்குகிறாள். நெய்க்கு மட்டும் பொன்னைக்கூட வாங்க மறுத்து, எருமையும் பசுவுமாகவே கேட்டு வாங்குகிறாள். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓசையும் வேளையும்தான் மனதில் நிற்கும். சத்தத்தைக் கவிதைக்காக மட்டும் அவர் சொன்னதாகத் தோன்றவில்லை. கடைகிறவளுக்கு அந்தச் சத்தம் ஒரு தகவல். விடியலுக்கும் காரணம் இருக்கிறது.

பாலின் கொழுப்பு நுண்ணிய துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளிக்கும் ஒரு மெல்லிய தோல். கடையும்போது அந்தத் தோல் கிழிந்து, துளியும் துளியும் ஒட்ட வேண்டும். கொழுப்பு முழுக்க உருகியிருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், முழுக்க உறைந்திருந்தால் ஒட்டாது. பாதி கெட்டியும் பாதி இளக்கமுமாக இருக்க வேண்டும். பாலாடையை மட்டும் கடைவதென்றால் 12 முதல் 15 டிகிரி வரை நல்ல கணக்கு. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் ஒரு நாளின் மிகக் குளிர்ந்த வேளை விடியல்தான். அம்மாயியும் கோழி கூவும் முன்பே எழுந்து மோர் சிலுப்புவார். வெயில் ஏறிவிட்டால் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைப் பானையில் ஊற்றிக்கொள்வார்.

நம் வீட்டில் செய்வது இப்படி. தினமும் காய்ச்சிய பாலை ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் மேலே தடித்த ஆடை நிற்கும். அதை வழித்து ஒரு டப்பாவில் சேருங்கள். முதல் நாளே ஒரு கரண்டி தயிரை அதில் கலந்துவிடுங்கள். அந்தப் பிரைதான் மணத்தைத் தரும், வெறும் ஆடையில் கடைந்த வெண்ணெய்க்கு அந்த மணம் கிடையாது. ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் ஏறக்குறைய 60 கிராம் கொழுப்பு இருக்கிறது, ஆடையோடு அதில் ஒரு பகுதிதான் வரும். ஆகவே ஏழெட்டு நாள் சேர்த்தால்தான் கடைவதற்கு ஈடாக இருக்கும். பால் உறையில் ‘ஹோமோஜெனைஸ்டு’ என்று இருந்தால் இந்த வேலைக்கு ஆகாது. கொழுப்புத் துளிகளை மிகச் சிறியதாக உடைத்து, மேலே மிதந்து வராதபடி செய்த பால் அது. அதில் ஆடைக்குக் காத்திருந்து ஏமாந்தவர்கள் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். கை மேல் குற்றமில்லை.

டப்பாவைக் கடைவதற்கு முந்தைய இரவு அறைச் சூட்டில் வைத்துப் புளிக்கவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, மிக்ஸி ஜாரில் குளிர்ந்த தண்ணீரோடு போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் நுரைத்துக் கெட்டியாகும், மிக்ஸி ஒரே சீராக இரையும். பிறகு திடீரென்று ஓசை மாறும். உள்ளே ஏதோ புரண்டு விழுவதுபோல் தொப் தொப்பென்று கேட்கும், ஜாரின் சுவரில் நீர்த்த மோர் தெறிக்கும். திரண்டுவிட்டது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை என்பார்கள். மிக்ஸியில் தாழி உடையாது, ஆனால் திரண்ட பிறகும் ஓட்டினால் ஜார் சூடேறி, திரண்டது மறுபடி இளகிக் கூழாகிவிடும். அப்படி ஆனாலும் பதற்றம் வேண்டாம், நாலு பனிக்கட்டி போட்டு இரண்டு சுற்று விட்டால் பெரும்பாலும் திரும்பிவரும். உருட்டி எடுத்ததைக் குளிர்ந்த தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவிய தண்ணீர் தெளிவாக வர வேண்டும். மோர் தங்கிய வெண்ணெய் இரண்டே நாளில் வீச்சமடிக்கும்.

இனி நெய்.

வெண்ணெயில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதமும் சர்க்கரையும். அரைக் கிலோ வெண்ணெய் காய்ச்சினால் 400 கிராமை ஒட்டி நெய் கிடைக்கும். கடைக் கணக்கில் எது லாபம் என்பதைவிட, அடுப்படியில் எழும் அந்த மணத்துக்காகவே நான் காய்ச்சுகிறேன்.

அடி கனமான பாத்திரம் வேண்டும், மெல்லிய பாத்திரத்தில் அடி முந்திக் கருகும். நிதானமான தீ. வெண்ணெய் உருகி, வெள்ளை நுரை பொங்கி, சடசடவென்று பேச ஆரம்பிக்கும். தண்ணீர் ஆவியாக உடைத்துக்கொண்டு வெளியேறும் ஓசை அது. தண்ணீர் இருக்கும் வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தீயைக் கூட்டினாலும் பெரிதாக ஏறாது. இந்தக் கட்டத்தில் நெய் கருகவே முடியாது. நீங்கள் கீரை ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம். அம்மாயி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது அந்த உறுதியில்தான்.

சத்தம் அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். அந்த நொடியிலிருந்து சூட்டைப் பிடித்து நிறுத்த சட்டியில் எதுவும் இல்லை, கிடுகிடுவென ஏறும். நெய்யாவதும் கருகுவதும் அடுத்த ஓரிரு நிமிடத்தில்தான். புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கத் தொடங்கி, நெய்க்கு நெய் மணத்தைக் கொடுப்பதும் இப்போதுதான். ஆகவே பேச்சு நின்றதும் மற்ற வேலையை விட்டுவிட்டு அடுப்பருகே வாருங்கள். தீயைக் குறையுங்கள். மேலே சின்னச் சின்னதாக இன்னொரு நுரை எழும். கரண்டியால் அதை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் கசண்டு இளம்பொன் நிறமாகத் தெரியும். முருங்கைக்கீரை ஒரு கொத்தைப் போட்டு அணைத்துவிடுங்கள். பொன் நிறம் நன்றாக ஏறட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சட்டியின் சூடே அந்த மிச்ச வேலையைச் செய்துவிடும். சிலர் வெற்றிலை போடுவார்கள், சிலர் நாலு கல் உப்பு. எனக்கு முருங்கைதான். கடைசியில் அந்த இலையைத் தின்னவும் முடியும்.

ஈரமில்லாத ஜாடியில் வடிகட்டுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிர் வளராது, அதனால்தான் நெய் மாதக்கணக்கில் வெளியிலேயே நிற்கிறது. ஈரக் கரண்டி ஒருமுறை பட்டால் அந்தக் காவல் போய்விடும். அவசரப்பட்டுக் குளிர்பெட்டியில் வைக்காமல் அறைச் சூட்டில் மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும்.

வடிகட்டிய கசண்டு ஒரு கரண்டிதான் தேறும். அதில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கலந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். அல்லது காய்ச்சிய சட்டியைக் கழுவும் முன், அந்தச் சூட்டோடு இரண்டு பிடி சாதமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிரட்டுங்கள். ஒட்டியிருக்கும் கசண்டும் மொறுமொறுத்த முருங்கை இலையும் சாதத்தில் ஏறிக்கொள்ளும். அம்மாயி அதை மூன்று உருண்டையாகப் பிடிப்பார். எனக்கொன்று, தம்பிக்கொன்று. மூன்றாவதை வாசல் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக அவரே தின்பார்.

(தொடரும்)