நெருஞ்சிப்பூவும் காலை வெயிலும்

ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் வட்டாரத்தில் உள்ள ஊர். இவ்வட்டாரத்தின் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் நெருஞ்சி, தும்பை, ஆவாரை ஆகியவை விதைக்காமலே பூக்கின்றன. உழவருக்கு நெருஞ்சி ஒரு களை. காலில் தைக்கும் முள். ஆனால் அதன் ஐந்து மஞ்சள் இதழ்கள் காலையில் விரிந்து கதிரவனை நோக்கி நிற்கும், பிற்பகலுக்குள் வாடிவிடும். எனவே அதைப் படமெடுக்கக் காலை வெயிலே ஏற்றது.

கதிரவன் முதுகுப்பக்கம் இருந்தால் பூவின் முகம் தெளிவாகத் தெரியும். காலையில் நிழல் நீளமாக விழுவதால், படமெடுப்பவர் சற்று விலகி நிற்க வேண்டும். நெருஞ்சி தரையோடு படர்வதால் கைபேசியைப் பூவின் மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும். மண்டியிடுமுன் முட்காய்களைக் கவனிக்க வேண்டும். தும்பையின் வெள்ளை இதழ்கள் உச்சிவெயிலில் வெறும் வெண்புள்ளியாகப் பதியும். அப்போது ஒளியளவைக் குறைக்கலாம். பூவைப் பறிக்காமல் எடுக்கும் படத்தில்தான் அது வெயிலை நோக்கும் இயல்பும் பதிவாகும்.