வலியை விழுங்கிய வைக்கிங்!

2015-ம் வருடம், மார்ச் மாதம். கோபன்ஹேகன் நகரத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே புரோண்ட்பி கால்பந்துக் குழு. இன்னும் கொஞ்ச நேரத்தில் எஃப்.சி. கோபன்ஹேகனோடு மேட்ச். டென்மார்க்கில் இந்த இரண்டு கிளப்பும் மோதுகிறது என்றால் ஊரே இரண்டுபட்டுப் போகும். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.

சாதாரண ஆள் இல்லை. டென்மார்க் தேசிய அணியின் கேப்டன். எட்டரை வருஷம் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் கொடி நாட்டிவிட்டு வந்தவர். பெயர், டேனியல் ஆகர்.

டிரஸ்ஸிங் ரூமிலும் அவரை எழுப்ப வேண்டியிருந்தது. தெம்புக்கு எதையோ குடிக்கக் கொடுத்து மைதானத்துக்குள் அனுப்பினார்கள். இருபத்தொன்பதே நிமிஷம். வெளியே அழைத்துக்கொண்டார்கள்.

முந்தின ராத்திரி தண்ணியா? அதெல்லாம் இல்லை ஸார். மாத்திரை! வலியையும் வீக்கத்தையும் அடக்குகிற மாத்திரை. உங்கள் ஆபீஸ் மேஜை டிராயரில் குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை கிடக்குமே, கிட்டத்தட்ட அதே ஜாதி. அந்த வாரம் முழுக்க அவர் அதை அளவுக்கு மீறி முழுங்கியிருந்தார்.

இந்த விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதியது எந்தப் பத்திரிகையும் இல்லை. பிற்பாடு அவரே சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

* * *

ஆகர் பிறந்தது 1984 டிசம்பர் 12-ம் தேதி, கோபன்ஹேகனை ஒட்டிய விடோவ்ரெ என்ற ஊரில். பக்கத்தில் இருந்த சின்ன கிளப்பில் பந்தை உதைக்க ஆரம்பித்தவர், பன்னிரண்டு வயது வாக்கில் புரோண்ட்பிக்கு வந்து சேர்ந்தார். பீட்டர் ஷ்மைக்கேல், மைக்கேல் லாட்ரப் போன்ற ஜாம்பவான்கள் ஆடிய கிளப் அது. ஆகர் 2004-ல் சீனியர் குழுவில் இடம் பிடித்தபோது, அங்கே கோச்சாக உட்கார்ந்திருந்தவர் அதே லாட்ரப்தான். முதல் சீசனிலேயே லீக் பட்டம், டேனிஷ் கோப்பை இரண்டும் புரோண்ட்பிக்கு. நல்ல ராசிக்காரப் பையன்!

2006 ஜனவரியில் லிவர்பூல் அவரை வாங்கியது. விலை சுமார் 58 லட்சம் பவுண்டு. டேனிஷ் கிளப் ஒன்று வெளிநாட்டுக்கு விற்ற ஆட்டக்காரர்களில் அன்றைய தேதிக்கு அதுதான் உச்ச விலை என்றார்கள். அப்போது டென்மார்க்கின் மொத்த ஜனத்தொகையே 54 லட்சம் சொச்சம். தலைக்கு ஒரு பவுண்டு வசூல் பண்ணியிருந்தாலும் கொஞ்சம் துண்டு விழுந்திருக்கும்.

அவருக்கு வேலை, சென்டர் பேக். அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற உத்தியோகம். கால்பந்திலேயே நன்றிகெட்ட வேலை இதுதான். தொண்ணூறு நிமிஷம் ஒழுங்காக மறித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நிமிஷம் கோட்டை விட்டால் அடுத்த நாள் பேப்பரில் படத்தோடு வரும். ஆபீஸில் கேஷ் கவுண்ட்டரில் உட்காருகிறவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

ஆகர் மறிப்பதோடு நின்றவர் இல்லை. பந்தைப் பிடுங்கினால் 'எங்கேயாவது போய்த் தொலை' என்று உதைத்துத் தள்ள மாட்டார். காலோடு வைத்துக்கொண்டு நிதானமாக நடு மைதானம் வரைக்கும் வந்துவிடுவார். 2006 ஆகஸ்ட் 26, வெஸ்ட் ஹாம் குழுவோடு மேட்ச். அப்படி நடந்து வந்தவர், முப்பது கெஜத்துக்கும் மேலே தள்ளி நின்று இடது காலால் ஒரு அடி அடித்தார். வலைக்குள்ளே! அந்த மாதத்தின் சிறந்த கோல் என்று பி.பி.ஸி. ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய ராத்திரி. 2007 மே 1, சாம்பியன்ஸ் லீக் அரை இறுதி, எதிரே செல்சி. முதல் ஆட்டத்தில் செல்சிக்கு ஒரு கோல் முன்னிலை. இரண்டாவது ஆட்டம் லிவர்பூலின் சொந்த மண்ணில். இருபத்திரண்டாவது நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக். உயரமாகத் தூக்கி அடிப்பார் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்க, கேப்டன் ஜெரார்டு தரையோடு தரையாக உருட்டிவிட்டார். ஓடி வந்த ஆகர் இடது காலால் ஒரு தட்டு. கோல்! கணக்கு சமம். கடைசியில் பெனால்டியில் லிவர்பூல் ஜெயித்து ஃபைனலுக்குப் போனது. ஏதென்ஸில் நடந்த ஃபைனலில் ஏ.சி. மிலனிடம் 2-1 என்று தோற்றது வேறு கதை.

அப்போது ஆகருக்கு வயது 22. அந்த வருஷம் டென்மார்க்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. எல்லாம் ஏறுமுகம். சரி, சனி எங்கே உட்கார்ந்திருந்தது? உடம்பில்.

* * *

2007 செப்டம்பரில் பாதத்தில் ஓர் எலும்பு முறிந்தது. அந்த சீசன் கிட்டத்தட்ட முழுசாகப் போயிற்று. தேறி வந்தால் முதுகு மக்கர் செய்தது. 2009-ல் ஆபரேஷன். அப்புறம் முழங்கால். ஒன்று சரியானால் இன்னொன்று. பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம்.

அடியேன் காமர்ஸ் படித்தவன். கணக்குப் பாடத்தில் முதலில் சொல்லித் தருகிற சங்கதிகளில் ஒன்று தேய்மானம். ஒரு மெஷின் வாங்கினால், அது ஓட ஓடத் தேயும். அந்தத் தேய்மானத்தை வருஷா வருஷம் செலவாக எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? லாபம் ஜோராகத் தெரியும். முதலாளி முகம் மலரும். ஒருநாள் மெஷின் நின்றுபோகிறபோதுதான் குட்டு வெளிப்படும்.

வலி என்பது உடம்பு எழுதுகிற தேய்மானக் கணக்கு. அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்றொரு ரசாயனம் உண்டாகிறது. வீக்கத்துக்கும் வலிக்கும் அதுவும் ஒரு காரணம். மாத்திரை என்ன செய்கிறது என்றால், அந்த ரசாயனம் உண்டாகாமல் தடுக்கிறது. காயம் அப்படியேதான் இருக்கிறது. கணக்கு எழுதுகிற குமாஸ்தாவை மட்டும் லீவில் அனுப்பியாயிற்று! இன்னொரு சங்கடம், அதே ரசாயனம்தான் வயிற்றின் உள்சுவரைக் காப்பாற்றுகிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போக உதவுகிறது. வருஷக்கணக்கில் அதைத் தடுத்துக்கொண்டே இருந்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம்.

ஊக்க மருந்துத் தடைப் பட்டியலில் இந்த மாத்திரைகள் கிடையாது. கேட்பார் இல்லை. 2010 உலகக் கோப்பையில் டாக்டர்கள் கொடுத்த விவரங்களை வைத்து ஃபிஃபா ஆய்வு செய்தபோது, நூற்றுக்கு 39 ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டது தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்துக்கு இரண்டு பேர்!

அதே உலகக் கோப்பையில் நம்மாள் இன்னொரு விதத்தில் பிரபலமானார். நெதர்லாந்தோடு முதல் மேட்ச். சக ஆட்டக்காரர் சைமன் பால்சன் வந்த பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றப் பார்க்க, அது ஆகரின் முதுகில் பட்டு நேரே சொந்த வலைக்குள் போயிற்று. சேம் சைடு கோல்! அதுவும் ஆபரேஷன் செய்த அதே முதுகு. ஜாதகம் அப்படி.

ஆனால் மனிதர் அசரவில்லை. அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு டென்மார்க்கின் கேப்டன் ஆனார். 2012 யூரோ கோப்பையில் அதே நெதர்லாந்தை 1-0 என்று தோற்கடித்த அணிக்குத் தலைமை தாங்கினார்.

* * *

ஆளைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். உடம்பெல்லாம் பச்சை குத்தியிருப்பார். அவரே பச்சை குத்தும் கலையை முறைப்படி கற்றவர். முதுகு முழுக்க வைக்கிங் வீரர்களும் கல்லறைகளும். கூடவே லத்தீனில் ஒரு வாசகம். 'சாவு நிச்சயம்; நேரம்தான் நிச்சயமில்லை' என்று அர்த்தம். முதுகில் எமனைச் சுமந்துகொண்டு மறித்தால் எந்த ஃபார்வர்டு கிட்டே வருவான்?

2012-ல் மான்செஸ்டர் சிட்டி, பார்சிலோனா என்று பெரிய கிளப்புகளின் பெயர்கள் அவரோடு சேர்ந்து அடிபட்டன. மனிதர் நகரவில்லை. லிவர்பூல் ரசிகர்களின் கோஷம் 'நீ தனியாக நடக்கப் போவதில்லை' என்பது. அதன் நான்கு ஆங்கில முதல் எழுத்துக்களையும் விரல் முட்டிகளில் குத்திக்கொண்டார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். பேனா பிடித்த கைக்கே லிவர்பூல் முத்திரை!

அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த பெரிய பரிசு என்று பார்த்தால், 2012-ல் ஜெயித்த லீக் கோப்பை ஒன்றுதான். மொத்தம் 232 ஆட்டம், 14 கோல். 2014 ஆகஸ்டில், தன் 29-ம் வயதில், சுமார் 30 லட்சம் பவுண்டுக்குப் பழைய புரோண்ட்பிக்கே திரும்பினார். இன்னும் பெரிய லீக்குகளில் நாலு காசு பார்த்திருக்கலாம். வீட்டுக்குப் போகிற பஸ்ஸைத்தான் பிடித்தார்.

முதல் பாராவில் பார்த்தோமே, அந்தத் தூக்கம், அது இந்தப் புரோண்ட்பி நாட்களில் நடந்ததுதான்.

2016 ஜூன். ஒப்பந்தம் முடிந்தது. ஆகர் ஓய்வை அறிவித்தார். வயது 31. சென்டர் பேக்குகள் பலருக்கு நல்ல பக்குவம் வருகிற வயது. அதற்கப்புறம் டேனிஷ் தினசரி ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில்தான் எல்லாவற்றையும் கொட்டினார். தன் ஆட்ட வாழ்க்கையில் வலி மாத்திரைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதாகவும், அது தப்பு என்று தெரிந்தேதான் சாப்பிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். இதை வெளியே சொல்வதால் தனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, இதைக் கேட்டு வேறு ஓரிருவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் சரி என்கிற தொனியில் பேசினார்.

யோசித்துப் பாருங்கள். ஓய்வு பெறுகிற ஆட்டக்காரர்கள் வழக்கமாக என்ன பேசுவார்கள்? ரசிகர்களுக்கு நன்றி, மனைவிக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி. இவர் போகிற போக்கில் விட்டுப்போன தேய்மானக் கணக்கை எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டுப் போனார். தேசத்துக்கு 75 ஆட்டம், 12 கோல் என்பது வரவு. முதுகு, முழங்கால், மாத்திரை என்பது செலவு. வரவை மட்டும் வாசிப்பவர்கள் நிறைய உண்டு. செலவையும் சேர்த்து வாசிக்க நெஞ்சில் கொஞ்சம் உரம் வேண்டும்.

* * *

அப்புறம் என்ன செய்தார்? இதைக் கேளுங்கள். சகோதரரோடு சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்கிற கம்பெனி! ஆட்டத்தில் இருக்கும்போதே ஆரம்பித்தது. டேனிஷ் மொழியில் சாக்கடைக்கு 'குளோக்' என்று பெயர். அதில் தன் பெயரை ஒட்டவைத்து 'குளோஆகர்' என்று போர்டு மாட்டினார்கள். அத்தனை வருஷம் அடைப்பதே தொழிலாக இருந்தவர், அடைப்பு எடுக்கிற தொழிலுக்கு வந்துவிட்டார்! பச்சை குத்துவது சம்பந்தமான ஒரு கம்பெனியிலும் பணம் போட்டார். 2021-ல் இருந்து 2023 வரை ஹெச்.பி. கோகெ என்ற டேனிஷ் கிளப்புக்கு மேனேஜராகவும் இருந்து பார்த்தார்.

நமக்குக் கோடிக்கணக்கில் பவுண்டு கிடையாது. ஐம்பதாயிரம் பேர் கைதட்டப் போவதும் இல்லை. மாசக் கடைசி, ஸ்டேட்மெண்ட் முடித்தாக வேண்டும், தலைவலியோ முதுகுவலியோ பார்க்க நேரமில்லை என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். ஒருநாள் என்றால் பாதகமில்லை. ஒவ்வொரு நாளும் என்றால், லீவில் போன குமாஸ்தா ஒருநாள் மொத்தக் கணக்கையும் கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் போடுவான்.

அடுத்த தடவை அட்டையைப் பிரிக்கிறபோது, பஸ்ஸில் தூங்கிப்போன அந்த டென்மார்க் கேப்டனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அட்டையை டிராயரில் வைத்துவிட்டு, மேனேஜரிடம் அரை நாள் லீவு கேளுங்கள்.

கொடுக்கவில்லை என்றால்? அதற்கு மாத்திரை கிடையாது ஸார்!