பிரிக்காமல் அளப்போம்

செஞ்சிக் கோட்டையின் தானியக் களஞ்சியத்துள் நின்று தரைப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கினால், அதன் கொள்ளளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். மூடிக்கிடக்கும் மோட்டார் எஞ்சினை எவ்வாறு அளப்பது?

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரில் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் உண்டு. 1817 எஞ்சினும் உண்டு. பழைய வண்டியில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம். பதிவுச் சான்றிதழை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறக்கூடும்.

கியரை நடுநிலையில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுக. ஒரு சிலிண்டரின் பிஸ்டனை அடிமட்டத்திற்குக் கொணர்ந்து, ராக்கர் திருகுகளைத் தளர்த்தி அதன் வால்வுகள் மூடியிருக்கச் செய்க. பிளக் துளையில் இறுகப் பொருத்திய குழாயின் மறுமுனையை, நீர் நிரப்பித் தொட்டியில் கவிழ்த்த அளவுச்சாடியினுள் செலுத்துக. எஞ்சினைக் கையால் அரைச்சுற்றுச் சுழற்றினால் பிஸ்டன் மேலேறும். அது தள்ளிய காற்று சாடியில் சேரும். உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு சாடியைப் பிடித்து, காற்றின் அளவைக் குறித்து, நான்கு சிலிண்டர்களாதலின் நான்கால் பெருக்குக.

வளையங்களின் வழியே சிறிது காற்றுக் கசியலாம். எனினும் 372-ஐ ஒட்டி நின்றால் 1489. 454-ஐ ஒட்டி நின்றால் 1817. ஏட்டில் உள்ளதை அளந்தும் பார்ப்பதே கற்றவர்க்கு அழகு.