புள்ளி மட்டும் வைத்த நோட்டு

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் நானும் விடுப்பு எடுத்தேன். பயணம் எதுவும் இல்லை. வீட்டிலேயே இருந்து ஐந்து பேரும் சேர்ந்து தினமும் ஏதாவது கைவேலை செய்வது என்று திட்டம். மகள் உயர்நிலை 2, மகன் தொடக்கநிலை 4. இருவர் கையிலும் கைப்பேசியைத் தவிர வேறு எதையும் பார்த்து நாளாகிவிட்டது. (என் கையிலும்தான். கணவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

பிராஸ் பசா காம்பிளெக்ஸுக்குப் போய் வண்ணம், தூரிகை, களிமண், கேன்வாஸ் என்று 90 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். திங்கட்கிழமை ஓவியம். அக்ரிலிக் வண்ணம் காய்ந்துவிட்டால் துணியை விட்டுப் போகாது என்பதை சோபா உறை எனக்குக் கற்றுக்கொடுத்தது. செவ்வாய்க்கிழமை களிமண். மகன் செய்த யானை மாலைக்குள் படுத்துவிட்டது. புதன்கிழமை மழை. ஆளுக்கொரு மூலையில் மறுபடியும் கைப்பேசி.

அன்று சாயங்காலம் வெள்ளைத்தாள் தேடிய மகள், என் அம்மாவின் இழுப்பறையைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில் நீல அட்டை போட்ட பழைய நோட்டு. அம்மாவின் கோல நோட்டு.

1974ல் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்தபோது கொண்டுவந்தது. ஈசூனில் எங்கள் வீவக வீட்டு வாசலில் அம்மா பல ஆண்டுகள் கோலம் போட்டார். அப்பா இறந்த பிறகு நிறுத்திவிட்டார். துக்கத்தினால் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று மகள் நேராகக் கேட்டுவிட்டாள். அம்மா வலக்கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

“கோடு கோணிப் போவுது. அதை வாசல்ல போட்டு வைக்கறதுக்குப் போடாமலே இருக்கலாம்.”

ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை.

நோட்டைப் பிரித்தால் இன்னொரு அதிர்ச்சி. முதல் சில பக்கங்களில்தான் முழுக்கோலம். மற்றதெல்லாம் வெறும் கணக்கு. ‘7 புள்ளி, 4 முடிய, இடைப்புள்ளி’ என்பது போல ஒரு வரியும் கீழே புள்ளிகளும். கோடு இல்லை. “கோட்டை எதுக்கு எழுதணும்? அதுதான் கையில இருந்துச்சே” என்றார் அம்மா.

கோலம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் 7 புள்ளி, அதற்கு மேலும் கீழும் இடைவெளிகளுக்கு நேராக 6, பிறகு 5, கடைசியில் 4. மகன் கூட்டிப் பார்த்து 37 என்றான். நேர்ப்புள்ளி என்றால் 7, 5, 3, 1 என்று இரண்டிரண்டாகக் குறையும், மொத்தம் 25. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி போன்றவர்கள் 1970களிலேயே கோலத்தின் விதிகளைக் கணினி மொழியோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் மகள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். பாட்டி இவ்வளவு நாள் ‘கோடிங்’ செய்திருக்கிறாரா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அம்மா வாயால் சொல்ல, மகன் பென்சிலால் வரைந்தான்.

“மேல போ. புள்ளியைச் சுத்து. இப்ப சோத்தாங்கைப் பக்கம் வளை.”

பென்சில் நின்றுவிட்டது. பள்ளியில் வலம், இடம் என்று படித்தவன் அவன். “அது எந்தப் பக்கம் பாட்டி?” அம்மா சோறு பிசைவது போல் கையைக் காட்டினார். அடுத்த வளைவு பீச்சாங்கைப் பக்கம். அதற்கு விளக்கம் கேட்டதும் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அரை மணி நேரம் கோலம் நகரவில்லை. வீட்டில் இவ்வளவு நேரம் அவர்கள் அம்மாவோடு தமிழில் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் நான் ‘தமிழில் பேசு’ என்று ஒருமுறைகூடச் சொல்லாமல்.

சில கோலங்கள் ஒரே மூச்சில் வந்தன. சிலவற்றில் அம்மா பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி, காற்றில் விரலை ஓட்டிப் பார்த்து, “இல்லை, அழி” என்றார். வெள்ளிக்கிழமை இரவுக்குள் 11 கோலங்களை மகள் புது நோட்டில் ஏற்றிவிட்டாள்.

சனிக்கிழமை தேக்காவிலிருந்து பச்சரிசி வாங்கி வந்து அரைத்தோம். கடையில் விற்கும் கோலப்பொடி வேண்டாம், எறும்பு தின்ன வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு இழுப்பதற்குள் மகனுக்கு வியர்த்துவிட்டது. அவன் கோடு ரொட்டிக்கு மாவு தூவியது போல இருந்தது. “என் கோடே தேவலாம் போல” என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போனவர், திரும்பி வந்து பேரனையும் கூட்டிக்கொண்டு பார்த்தார். எறும்பும் வந்தது. மறுநாள் அதன் பின்னாலேயே நான் துடைப்பத்தோடு நின்றது வேறு கதை.

ஒரு பக்கம் மட்டும் வரவேயில்லை. ‘15 புள்ளி, 8 முடிய, இடைப்புள்ளி.’ மொத்தம் 169 புள்ளி. கல்யாணத்துக்கு முந்தின மார்கழியில், மன்னார்குடி வீட்டு வாசலில் போட்டதாம். எங்கே தொடங்க வேண்டும் என்பதே அம்மாவுக்கு நினைவில்லை. மகன் பொறுமையாக 169 புள்ளியும் ஒரு பெரிய தாளில் வைத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டான்.

விடுமுறை முடிந்து பள்ளியும் திறந்துவிட்டது. நேற்றுக் காலை பால் எடுக்கப் போனேன். தாளின் கீழ் மூலையில் நான்கு புள்ளிகளைச் சுற்றி ஒரு பென்சில் கோடு, கொஞ்சம் நடுங்கியபடி. பென்சில் பெட்டியின் மேலேயே இருந்தது. நான் அதை எடுத்து வைக்கவில்லை.