வெட்டிய படத்தில் நோயாளியின் பெயர்

மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் அக்கா மகள், சில மாதங்களுக்கு முன் தன் லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வீட்டிற்கு வந்தாள். "பவர்பாய்ண்ட் பைல் 60 எம்.பி. வந்துடுச்சு மாமா. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா டவுன்லோட் ஆகலைன்னு எல்லாரும் திட்டுறாங்க. சின்னதாக்கிக் கொடுங்க" என்றாள்.

பைலைத் திறந்து, ஒரு ஸ்லைடில் இருந்த நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் தேர்ந்தெடுத்து, கிராப் பட்டனைக் கிளிக் செய்தேன். படத்தின் மேல் பக்கம், அவள் வெட்டி எடுத்திருந்த பகுதி, சாம்பல் நிறத்தில் அப்படியே எழுந்து வந்தது. அதில் நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனை பதிவு எண் எல்லாம் இருந்தன. "நான்தான் கட் பண்ணிட்டேனே!" என்றாள். அந்தப் பைல் ஏற்கெனவே வகுப்பு குரூப்பில் இருந்தது. ஸ்லைடுகளைப் பகிரும் தளம் ஒன்றிலும் ஏற்றியிருந்தாள்.

தவறு அவளுடையது மட்டும் அல்ல. பவர்பாய்ண்ட்டில் கிராப் செய்யும்போது படம் உண்மையில் வெட்டப்படுவதில்லை. ஓரம் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். பின்னால் மனம் மாறினால் மீண்டும் விரித்துக் கொள்ள வசதியாக முழுப் படமும் பைலுக்குள் இருக்கும். பைல் பெரிதாக இருந்ததற்கும் இது ஒரு காரணம். பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டத்தை மவுஸால் இழுத்தால் நகர்ந்து விடும்.

நம்பிக்கை இல்லை என்றால் நீங்களே சோதித்துப் பாருங்கள். பவர்பாய்ண்ட் பைல் ஒன்றை காப்பி எடுத்து, அதன் பெயரின் முடிவில் உள்ள பி.பி.டி.எக்ஸ். என்பதை ஜிப் என மாற்றுங்கள். (அந்த எழுத்துகள் தெரியவில்லை எனில் பைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனு சென்று, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் செய்யவும்.) இப்போது டபுள் கிளிக் செய்தால் ஒரு போல்டர் போலத் திறக்கும். உள்ளே பி.பி.டி. என்ற போல்டர், அதனுள் மீடியா என்ற போல்டர். நீங்கள் ஸ்லைடுகளில் வைத்த படங்கள் எல்லாம், வெட்டப்படாமல், அங்கே வரிசையாக இருக்கும். நமக்கு எளிதாகக் கிடைப்பது தேடுதளங்களுக்கும் கிடைக்கும். இணையத்தில் ஏற்றப்பட்ட மருத்துவ ஸ்லைடுகளிலிருந்து படங்கள் தனியே பிரித்தெடுக்கப்படுவதையும், அவற்றுடன் நோயாளிகளின் விவரங்கள் வெளியே வருவதையும் சுட்டிக்காட்டி, அமெரிக்கக் கதிரியக்க மருத்துவ அமைப்புகள் 2020ல் தம் உறுப்பினர்களை எச்சரித்தன.

சரி, என்ன செய்யலாம்? ஏற்கெனவே தயாரித்த பைல் எனில், ஒரு படத்தைக் கிளிக் செய்து, பிக்சர் பார்மட் டேபில் உள்ள கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் சிறிய விண்டோவில் "அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்" என்பதில் உள்ள டிக்கை எடுத்து விடுங்கள். "டிலீட் கிராப்ட் ஏரியாஸ் ஆப் பிக்சர்ஸ்" என்பதில் டிக் இருக்க வேண்டும். ஓகே கொடுத்து பைலை சேவ் செய்யுங்கள். பைலும் இளைக்கும், பெயரும் போகும். ஸ்லைடுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். பலர் நோயாளியின் முழு விவரத்தையும் அங்கேதான் எழுதி வைத்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால், ஸ்லைடில் வைப்பதற்கு முன்பே பெயிண்ட் புரோகிராமில் வேலையை முடித்து விடுவது நல்லது. படத்தைத் திறந்து, செலக்ட் டூல் மூலம் பெயர் உள்ள இடத்தை வளைத்து, டெலிட் கீயை அழுத்துங்கள். அந்த இடம் வெள்ளையாகி விடும். வேறு பெயரில் ஜேபெக் பைலாக சேவ் செய்யவும். இங்கு பழைய புள்ளிகளே அழிந்து விடுவதால் பின்னால் எதுவும் ஒளிந்திருக்காது. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூல் பற்றி ஒரு வார்த்தை: வெட்டிய பகுதியின் ஒரு பங்கு பைலிலேயே தங்கி விடும் பிழை ஒன்று அதில் இருந்தது. 2023 மார்ச்சில்தான் மைக்ரோசாப்ட் சரி செய்தது. பல காலமாக அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர் என்றால் கவனம் தேவை.

போனில் எடுத்த போட்டோவில் இன்னொரு சிக்கல். படம் எடுத்த தேதி, நேரம், லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் வரை பைலில் பதிவாகிவிடும். கம்ப்யூட்டரில் அந்தப் பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபைப் பாருங்கள். அடியில் "ரிமூவ் ப்ராபர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்" என்று ஒரு வரி இருக்கும். அதைக் கிளிக் செய்து ஓகே கொடுத்தால், விவரங்கள் நீக்கப்பட்ட காப்பி ஒன்று அதே போல்டரில் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இட விவரம் நீங்கி விடுகிறது. தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எல்லாமே கூடவே செல்லும். மாணவர்கள் எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. படங்களை இப்படித்தான் அனுப்புகிறார்கள்!

ஸ்கேன் சென்டரில் தரும் சிடியில் இருப்பவை டைகாம் என்ற வகை பைல்கள். படத்தில் பெயர் தெரியாவிட்டாலும் பைலுக்குள் பெயர், பிறந்த தேதி, சென்டரின் பெயர் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

எந்த சாப்ட்வேராலும் நீக்க முடியாத விஷயமும் உண்டு. "நேற்று இரவு எங்கள் வார்டில் பாம்பு கடித்து வந்த 19 வயதுப் பெண்" என்று எழுதினால், பெயர் எதற்கு? அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்து விடும். கையில் குத்திய பச்சை, காதில் உள்ள தோடு இவையும் அப்படியே. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ம் ஆண்டு விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. சமூக வலைத்தளங்களுக்கென்றே தனிப் பகுதியுடன் 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள், அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. விதி எப்படி இருந்தாலும், அனுமதி கேட்கும்போது "இந்தப் படம் எங்கே போகும்" என்பதையும் நோயாளியிடம் சொல்ல வேண்டாமா?

இதற்காக மருத்துவ மாணவர்கள் சமூக வலைத்தளம் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலிய அவசர சிகிச்சை மருத்துவர் மைக் கேடோகன், 2012ல் டப்ளினில் நடந்த மாநாட்டின்போது, இலவச மருத்துவக் கல்விக்கு 'போம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் உலகெங்கும் மருத்துவர்கள் ஈ.சி.ஜி., எக்ஸ்ரே படங்களைப் பகிர்ந்து பாடம் நடத்தி வருகிறார்கள். சிறிய ஊரில் படிக்கும் மாணவருக்கு இது பெரிய வரம்.

அக்கா மகள் அன்றே தளத்திலிருந்து பைலை நீக்கினாள். வாட்ஸ்அப்பில் "டிலீட் பார் எவ்ரிஒன்" கொடுக்க இரண்டு நாள்தான் அவகாசம். அது தாண்டியிருந்தது. எனவே குரூப்பில் விஷயத்தைச் சொல்லி, பழைய பைலை அழிக்கும்படி கேட்டு, புதியதை அனுப்பினாள். அது 4 எம்.பி.தான் இருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று பேர், தங்கள் பைல்களிலும் இதே கதைதான் என்று பதில் போட்டிருந்தார்கள்.